செயிண்ட் ஜைல்ஸ் ஆலயத்தின் பர்ன்ஸ் சாளரம்: முகமில்லாத நினைவுச் சின்னம் தகுமா?

பிப்ரவரி 9 (வாசகர் ஒருவரின் கேள்வி)

எடின்பரோவின் செயிண்ட் ஜைல்ஸ் ஆலயத்தில் மேற்கு வாசலுக்கு மேலே இருக்கும் பெரிய வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஸ்காட்லாந்தின் உழவர் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் நினைவாக வைக்கப்பட்டது என்றார்கள். நெடுநேரம் அண்ணாந்து பார்த்தேன். கவிஞரின் முகமும் இல்லை, அவர் பிடித்த ஏரும் இல்லை. அவர் பிறந்தது அயர்ஷையர், இறந்தது டம்ஃப்ரீஸ். எடின்பரோ அவருடைய ஊருமன்று. போதாததற்கு, அவரைச் சபை நடுவே நிறுத்திக் கண்டித்த திருச்சபையே இன்று அவருக்கு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறது. பயணிகளைக் கவர ஒரு புகழ்பெற்ற பெயரை ஒட்டியிருக்கிறார்கள் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் இருந்தால் காரணத்துடன் எழுதுங்கள்.

பிப்ரவரி 9, இரவு

நான் மறுக்கிறேன். இந்த நகரத்தில் குடியிருப்பவன் என்பதாலும், அந்தச் சாளரத்தின் கீழ் பலமுறை உட்கார்ந்திருப்பவன் என்பதாலும் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

முதலில் சாளரத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஐஸ்லாந்துக் கலைஞர் லைஃபுர் பிரைத்ஃபியோர்த் வடிவமைத்து 1985-இல் பொருத்தப்பட்ட இந்தச் சாளரம் கீழிருந்து மேலாக மூன்று நிலைகளாக அமைந்தது. கீழ்நிலையில் பச்சை மேலோங்கியிருக்கிறது. அது பர்ன்ஸ் உழுத அயர்ஷையர் நிலமும் அவர் பாடிய இயற்கையும். நடுநிலை, இனமும் நிறமும் மதமும் கடந்த மனித ஒற்றுமை. உச்சியில், கல் வேலைப்பாட்டின் இடைவெளிகளை நிறைத்துக்கொண்டு, அன்பு ஒரு சூரியனாக வெடித்துச் செந்நிற ரோஜாவாக மலர்கிறது. பர்ன்ஸின் காதல் பாடல்களில் உலகம் அறிந்த உவமை அந்த ரோஜா. ஆகவே சாளரத்தில் பர்ன்ஸ் இல்லை என்பது சரியன்று. அவருடைய உருவம் இல்லை. அவர் பாடிய மூன்று பொருள்கள் வரிசையாக இருக்கின்றன.

உருவம் இல்லாதது குறை என்று நீங்கள் கருதுகிறீர்கள். இந்த ஆலயத்தைப் பொறுத்தவரை அதுவே சரியான முடிவு என்பது என் உறுதியான எண்ணம்.

பிப்ரவரி 10

"கண்டித்த திருச்சபை" என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். பர்ன்ஸை நிறுத்திக் கண்டித்தது செயிண்ட் ஜைல்ஸ் அன்று. அயர்ஷையரில் உள்ள மாக்லின் என்னும் சிற்றூரின் சபை. ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பிரஸ்பிடீரியன் ஒழுங்கில் ஒவ்வொரு சேகரத்துக்கும், அதாவது வட்டாரச் சபைக்கும், போதகரும் மூப்பர்களும் கொண்ட தனி மன்றம் உண்டு. மணமாகாமல் பிள்ளை பெறுவது, ஓய்வுநாளை மீறுவது போன்றவற்றை அந்த மன்றமே விசாரித்தது. பர்ன்ஸின் காதலி ஜீன் ஆர்மர் கருவுற்றதை முன்னிட்டு, 1786-ஆம் ஆண்டுக் கோடையில் போதகர் வில்லியம் ஆல்டின் முன்னிலையில் பர்ன்ஸ் ஞாயிறு ஆராதனைகளில் எழுந்து நின்று கடிந்துரையைக் கேட்டுக்கொண்டார். வழக்கமாக அதற்கென மனந்திரும்புதலின் முக்காலி ஒன்று இருக்கும். பர்ன்ஸைத் தம் இருக்கையிலேயே நிற்க அனுமதித்தார்கள். அந்த வாரங்களில்தான், ஜூலை 31 அன்று, அவருடைய முதல் கவிதைத் தொகுதி கில்மார்னக்கில் 612 படிகளாக அச்சேறி வெளிவந்தது. ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன் தலைகுனிந்தவரின் பெயர் அந்த ஆண்டு முடிவதற்குள் ஸ்காட்லாந்து முழுவதும் பேசப்பட்டது.

மாக்லின் சபையின் மூப்பர்களில் ஒருவரான வில்லியம் ஃபிஷரை மனத்தில் வைத்து, தன் பாவத்துக்குச் சலுகையும் பிறர் பாவத்துக்குத் தண்டனையும் கேட்டு மன்றாடும் ஒரு பாசாங்குக்காரனின் ஜெபமாக அதற்கு முந்தைய ஆண்டு பர்ன்ஸ் எழுதிய கவிதை அந்தக் காலத்தில் அச்சிடத் துணியாத ஒன்று. கையெழுத்துப் படியாகவே சுற்றியது. ஆனால் அதே மனிதர்தான், ஏழைக் குடியானவனின் வீட்டில் சனிக்கிழமை இரவு குடும்பமாகக் கூடி வேதம் வாசிப்பதை மிகுந்த மரியாதையுடன் பாடியவரும். அவர் திருச்சபையை விட்டு வெளியே நின்று கல்லெறிந்தவர் அல்லர். உள்ளே இருந்து, அதன் மொழியை முழுதாக அறிந்து, கோபப்பட்டவர்.

பிப்ரவரி 12

நேற்றுமுன்தினம் எழுதியதில் செயிண்ட் ஜைல்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அப்படியானால் சாளரத்தை மாக்லினில் அல்லவா வைத்திருக்க வேண்டும்?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பதில் ஆலயத்தின் சுவரை ஒட்டியே இருந்தது.

1786 நவம்பர் இறுதியில் பர்ன்ஸ் எடின்பரோவுக்கு வந்து தங்கிய இடம், ஆலயத்துக்கு மேற்கே சில நிமிட நடையில் உள்ள லான்மார்க்கெட் பகுதியில் பாக்ஸ்டர்ஸ் குளோஸ் என்ற சந்து. அவருடைய தொகுதியின் எடின்பரோ பதிப்பை 1787 ஏப்ரலில் வெளியிட்டவர் வில்லியம் கிரீச். அந்தக் காலத்தில் ஆலயத்தின் வடபுறம், இன்று அகலமாக இருக்கும் தெருவின் நடுவிலேயே, லக்கன்பூத்ஸ் என்ற கடை வரிசை ஆலயத்தை நெருக்கிக்கொண்டு நின்றது. அதன் கிழக்குக் கோடியில் கிரீச்சின் புத்தகக் கடை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வரிசையை இடித்துவிட்டதால் இன்று அங்கே நிற்பவருக்கு இது தோன்றுவதில்லை. பர்ன்ஸின் பதிப்புரிமை 100 கினிக்குக் கிரீச்சின் கைக்குப் போனதும், அந்தப் பணத்துக்காகப் பர்ன்ஸ் அலைந்ததும் இந்த ஆலயத்தின் நிழலில் நடந்தவை.

அதைவிட முக்கியமானது ஹியூ பிளேரின் தொடர்பு. பிளேர் 1758 முதல் 1800-இல் இறக்கும்வரை செயிண்ட் ஜைல்ஸ் கட்டடத்துக்குள் அன்று இருந்த சபைகளில் ஒன்றான உயர் ஆலயத்தின் போதகர்; எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சொல்லணி இயல் பேராசிரியருமாவார். புதிய பதிப்புக்கான கவிதைகளைப் பார்வையிட்டு அவர் ஆலோசனை கூறினார். நாடோடிகளும் குடிகாரர்களும் கூடிப் பாடும் கூத்தான ஒரு படைப்பைச் சேர்க்க வேண்டாம் என்றார், பர்ன்ஸ் ஒதுக்கிவிட்டார், கவிஞர் இறந்த பிறகு, 1799-இல்தான் அது அச்சில் வந்தது. ஆங்கிலக் கவிதை உலகுக்கு அது ஒரு நட்டம் என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் மாக்லின் திருவிருந்துத் திருவிழாவைக் கேலி செய்யும் கவிதையில் பிளேர் செய்த திருத்தம் வேறு வகை. போதகர் ஒருவர் பிரசங்க மேடை ஏறுகிறார், சபை மூச்சடக்கிக் காத்திருக்கிறது, அவர் கொண்டுவரும் செய்தி "இரட்சிப்பு" என்று முதல் பதிப்பில் இருந்தது. அந்தச் சொல்லை "ஆக்கினை" (நரக தண்டனை) என்று மாற்றச் சொன்னவர் பிளேர். பர்ன்ஸ் மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டார். நரகத்தையே பிரசங்கிக்கும் போதகர்களைச் சாடும் கவிதையின் முனையைத் தீட்டிக் கொடுத்தவர் இந்த ஆலயத்தின் போதகர்! திருச்சபை பர்ன்ஸின் எதிரி என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாமல் தடுப்பது இதுதான். அந்நாளைய ஸ்காட்லாந்துத் திருச்சபைக்குள்ளேயே மிதவாதிகளும் கடுங்கொள்கையினரும் மோதிக்கொண்டிருந்தார்கள். பிளேர் மிதவாதிகளின் முதன்மையான குரல். பர்ன்ஸின் அங்கதம் அந்த மோதலில் ஒரு தரப்பின் கையில் ஆயுதமாகவே இருந்தது.

பிப்ரவரி 12, சற்று நேரம் கழித்து

ஒன்றை விட்டுவிட்டேன். ஜோசையா வாக்கர் என்பவர் பிளேரின் வீட்டு விருந்தில் பர்ன்ஸுடன் இருந்தவர். அதைப் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். நகரத்தின் பொது இடங்களில் எது உங்களுக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது என்று விருந்தில் பர்ன்ஸிடம் கேட்கிறார்கள். உயர் ஆலயம் என்கிறார் அவர். ஆனால் பிரசங்கத்தில் பிளேரைவிட அவருடைய சக போதகரே சிறந்தவர் என்று, விருந்தளிப்பவர் மேசையிலேயே இருக்கச் சொல்லிவிடுகிறார். வந்திருந்தவர்கள் திகைத்துப்போனார்கள்.

எடின்பரோவில் தமக்குப் பிடித்த இடம் இது என்று பர்ன்ஸே சொன்ன ஆலயத்தில் அவருக்குச் சாளரம் வைப்பது பொருத்தமில்லை என்றால், வேறு எங்கு வைப்பது பொருந்தும் என்று எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 17

இனி முகம் பற்றிய கேள்வி. இதற்குப் பதில் சொல்ல ஸ்காட்லாந்தில் வண்ணக் கண்ணாடிக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும்.

ஸ்காட்லாந்து கத்தோலிக்கத்தை விட்டுப் புராட்டஸ்டன்ட் வழிக்கு மாறிய 1560-இன் சீர்திருத்தத்துக்குப் பிறகு, "யாதொரு விக்கிரகத்தையாகிலும் உண்டாக்க வேண்டாம்" என்ற வேதக் கட்டளையை ஸ்காட்லாந்துத் திருச்சபை மிகக் கண்டிப்பாகப் பின்பற்றியது. ஆலயங்களில் உருவங்கள் ஒழிந்தன. வெற்றுக் கண்ணாடியும் வெள்ளைச் சுவரும் எஞ்சின. செயிண்ட் ஜைல்ஸில் சீர்திருத்தத்துக்கு முந்தைய ஒரு சாளரம் மட்டும், யானை உருவமும் கொல்லர் சங்கத்தின் சின்னமும் தாங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை தப்பியிருந்தது. 1830-இல் இங்கே வண்ணக் கண்ணாடி பதிக்க ஒரு யோசனை எழுந்தபோது நகர மன்றம் மறுத்துவிட்டது. ஸ்காட்லாந்துத் திருச்சபையின் ஓர் ஆலயத்தில் புதிய வண்ணக் கண்ணாடி முதன்முதலாக வந்தது 1857-இல், சிறிது தூரத்தில் உள்ள கிரேஃபிரையர்ஸ் ஆலயத்தில். அதன் போதகர் ராபர்ட் லீ ஆராதனையில் இசைக்கருவியையும் கொண்டுவந்து பெரும் எதிர்ப்பைச் சந்தித்தவர். செயிண்ட் ஜைல்ஸில் 1874-இல்தான் தொடங்கினார்கள். பதிப்பாளரும் நகரத் தலைவராக இருந்தவருமான வில்லியம் சேம்பர்ஸ் தம் செலவில் ஆலயத்தைப் புதுப்பித்த காலம் அது. ஜேம்ஸ் பாலன்டைனின் பட்டறை கிறிஸ்துவின் வாழ்க்கையை வரிசையாகச் சாளரங்களில் அமைத்தது. 1877-இல் கிழக்குப் பெருஞ்சாளரத்தில் சிலுவைப்பாடும் பரமேறுதலும் இடம்பெற்றன.

இவ்வளவு தயக்கத்துக்குப் பிறகு உருவங்களை ஏற்றுக்கொண்ட ஓர் ஆலயத்தில், கிறிஸ்துவும் அப்போஸ்தலரும் நிற்கும் வரிசையில், பெண்களையும் மதுவையும் பாடிய ஓர் உழவரின் முகத்தை ஒளிரும் கண்ணாடியில் ஏற்றினால் என்ன பொருள் தரும்? பார்ப்பவருக்கு அவர் ஒரு புனிதராகத் தோன்றுவார். அது பர்ன்ஸுக்கும் பொய், ஆலயத்துக்கும் பொய்.

இதே ஆலயத்தில் உருவத்துடன் உள்ள எழுத்தாளர் நினைவுச் சின்னம் ஒன்றைப் பாருங்கள். ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் வெண்கலப் புடைப்புச் சிற்பம் அது. அமெரிக்கச் சிற்பி அகஸ்டஸ் செயிண்ட்-காடன்ஸ், நோயுற்ற ஸ்டீவன்சன் படுக்கையில் சாய்ந்து கையில் சிகரெட்டுடன் இருப்பதை நேரில் பார்த்தே முதலில் வடித்தார். ஆலயத்துக்காகச் செய்த வடிவத்தில் சிகரெட் போய் எழுதுகோல் வந்தது. சிகரெட்டுக்கே இந்த நிலை என்றால், பர்ன்ஸின் உருவத்திலிருந்து எதையெல்லாம் அகற்றியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். முகம் வைத்திருந்தால் அது திருத்தப்பட்ட முகமாகவே இருந்திருக்கும்.

பிப்ரவரி 18

"பழைய சாளரத்தைப் பெயர்த்துவிட்டு இதை வைத்தார்களே, அது மட்டும் சரியா?" என்ற கேள்விக்கு எளிதில் பதில் சொல்ல முடியவில்லை. மேற்குச் சாளரத்தில் அதற்கு முன் இருந்தது 1886-இல் டேனியல் காட்டியர் செய்த தீர்க்கதரிசிகள். காட்டியர் கிளாஸ்கோவில் பிறந்தவர். அவருடைய நிறத்தேர்வு அந்தத் தலைமுறையில் தனித்து நிற்பது. அவருடைய வேலையை விரும்புகிறவன் என்ற முறையில் அந்த இழப்பு எனக்கு வருத்தம் தருகிறது. ஆயினும் நினைவுச் சாளரங்கள் என்றென்றைக்கும் நிற்பவை அல்ல என்பதை ஸ்காட்லாந்தின் ஆலயங்கள் மீண்டும் மீண்டும் கண்டிருக்கின்றன. கிளாஸ்கோ பேராலயம் 1859 தொடங்கி ம்யூனிக் நகர அரச பட்டறையிலிருந்து சாளரங்களை வரவழைத்தது. உள்ளூர்க் கலைஞர்களைப் புறக்கணித்துவிட்டார்கள் என்று அப்போதே கடும் சர்ச்சை எழுந்தது. அந்தக் கண்ணாடிகளின் மேல் தீட்டிய ஓவியம் தேய்ந்து மங்க, இருபதாம் நூற்றாண்டில் பெரும்பாலானவற்றை இறக்கிவிட்டார்கள்.

பிப்ரவரி 25

கிளாஸ்கோவைப் பற்றி எழுதியதிலிருந்து ஒரு செய்தி மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. முகம் வேண்டும் என்பவர்கள் இதையும் கருத வேண்டும்.

வண்ணக் கண்ணாடியில் நிறம் இரண்டு வழிகளில் வருகிறது. முதல் வழியில், உருகிய கண்ணாடியிலேயே உலோகச் சேர்மங்களைக் கலப்பார்கள். கோபால்ட் நீலம் தரும், இரும்பு பச்சை தரும், செம்போ தங்கமோ சிவப்பைத் தரும். இந்த நிறம் கண்ணாடியின் உடலிலேயே இருப்பதால் நூற்றாண்டுகள் ஆனாலும் போகாது. செம்பிலிருந்து வரும் சிவப்பு மட்டும் முழுத் தடிமனுக்கு இருந்தால் ஒளியே புகாதபடி இருண்டுவிடும். ஆகையால் நிறமற்ற கண்ணாடியின்மேல் மெல்லிய செந்நிறப் படலமாக ஏற்றுவார்கள். இரண்டாவது வழி தீட்டுவது. கண், மூக்கு, விரல், ஆடை மடிப்பு ஆகியவற்றை, பொடித்த கண்ணாடியும் உலோகத் துகளும் கலந்த கருஞ்சாயத்தால் வரைந்து, 600 டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூட்டில் உலையிலிட்டுப் பதியவைப்பார்கள். உலைச்சூடு போதாமலோ சாயக்கலவை தவறியோ போனால், ஈரம் படிந்து காலப்போக்கில் உதிர்வது இந்த வரைவே. அதாவது ஒரு சாளரத்தில் முதலில் அழிவது முகம். சிறு சேகர ஆலயங்கள் சிலவற்றில் கண்ணும் வாயும் தேய்ந்து, சிவப்பு அங்கி மட்டும் புதிதுபோல் ஒளிரும் உருவங்களை நானே பார்த்திருக்கிறேன். அடியில் "அன்புள்ள மகனின் நினைவாக" என்று பொறித்திருக்கும். அந்த மகனின் சாயலில் தீட்டிய முகமோ என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கும்.

ஒளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் எந்த நேரத்தில் போனீர்கள் என்று எழுதவில்லை. "பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் மங்கலாக இருந்தன" என்று பின்னர்க் குறிப்பிட்டிருந்ததை வைத்துக் காலை நேரம் என்று ஊகிக்கிறேன். இது மேற்குச் சாளரம். ஞாயிறு காலை ஆராதனையில் கிழக்குச் சாளரமே பொலிவாக இருக்கும். மேற்கே திரும்பினால் பச்சை கருமையாகவும் நடுநிலை சாம்பல் படர்ந்தும் தெரியும். மதியம் தாண்டி வெயில் மேற்கே இறங்கும்போது நிலைமை தலைகீழாகிறது. ஒருமுறை மழை விட்ட பிற்பகலில், தூணோரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். முதலில் உச்சியின் சிவப்பு தனியே பற்றிக்கொண்டது. கீழே பச்சை இன்னும் மேகத்துக்குள் இருப்பதுபோல் அடங்கியிருந்தது. சற்று நேரத்தில் பச்சையும் தெளிந்து, தரைக் கற்களின்மேல் நிறம் விழுந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர் தம் பேரனின் உள்ளங்கையை நீட்டச் சொல்லி அந்த நிறத்தைப் பிடித்துக் காட்டினார். குளிர்காலத்தில் இந்த நகரத்தில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆகவே மார்ச்சுக்குப் பிறகு, பிற்பகலில், மேகம் குறைந்த நாளில் போய்ப் பாருங்கள்.

மார்ச் 2

இந்த விவாதத்தில் வந்த மறுப்புகளில் கனமானது இதுதான்: "நடுநிலை மனித சமத்துவத்தைக் காட்டுகிறது என்கிறீர்கள். 1786-இல் ஜமைக்காவின் கரும்புத் தோட்டத்தில் வேலைக்குப் போக ஒப்புக்கொண்டவர் அல்லவா பர்ன்ஸ்?"

உண்மை. அடிமைகளின் உழைப்பில் நடந்த ஒரு தோட்டத்தில் கணக்கராக வேலை பார்க்க அவர் ஏற்பாடு செய்திருந்தார். "கணக்கர்" என்பது அங்கே ஏட்டோடு நின்ற வேலையன்று, அடிமைகளை மேற்பார்வையிடுவதும் சேர்ந்தது. ஜீனின் தந்தை சட்டப்படி தொடர்ந்த துரத்தல், வறுமை, சபையின் கண்டனம் எல்லாம் சேர்ந்து அவரை அந்த முடிவுக்குத் தள்ளின. கில்மார்னக் பதிப்பு பெற்ற வரவேற்பும், பார்வையற்ற கவிஞர் தாமஸ் பிளாக்லாக் எடின்பரோவிலிருந்து எழுதிய பாராட்டும்தான் அவரைத் திசைதிருப்பின. மனிதனுக்கு மனிதன் உலகெங்கும் சகோதரனாவான் என்ற அவருடைய புகழ்பெற்ற பாடல் 1795-இல் எழுதப்பட்டது. ஒன்பது ஆண்டு இடைவெளி. இடையில் பிரெஞ்சுப் புரட்சி நிகழ்ந்திருந்தது. அந்த ஆண்டுகளில் அவர் அறிவால் வளர்ந்தார் என்று நான் நம்புகிறேன். ஆனால் ஜமைக்கா ஏற்பாட்டுக்காக வருந்தியதாக ஒரு வரி எழுதினார் என்று சொல்ல என்னிடம் சான்று எதுவும் இல்லாத நிலையில், அந்தப் பாடலைக் காட்டி அவரை விடுவிப்பது முறையாகாது.

இதை இரண்டு நாள் யோசித்த பிறகு என் நிலை இது. அந்தச் சாளரம் பர்ன்ஸ் என்ற மனிதரை எடுத்துக்காட்டாக நிறுத்தியிருந்தால் இந்த மறுப்பு அதை வீழ்த்தியிருக்கும். அது நிறுத்தியிருப்பது அவர் எழுதிய சொல்லை. சொல் அவரையும் சேர்த்தே நியாயம் தீர்க்கிறது. மாக்லின் மூப்பரின் பாசாங்கைத் தோலுரித்தவர் தாமும் அதே அளவுகோலால் அளக்கப்படுவதை மறுத்திருக்க மாட்டார். ஆயினும் சாளரத்தின் கீழே பார்வையாளருக்காக வைக்கும் விளக்கத்தில் ஜமைக்காவைப் பற்றி ஒரு வாக்கியம் இடம்பெற வேண்டும் என்றே விரும்புகிறேன். மறைத்து வைத்த மரியாதை நீடிக்காது.

மார்ச் 4

ஐஸ்லாந்துக்காரரிடம் ஏன் கொடுத்தார்கள் என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: பிரைத்ஃபியோர்த் எடின்பரோ கலைக் கல்லூரியில் பயின்றவர். ரேக்யாவிக்கின் ஹல்கிரிம் ஆலயத்தின் வாசலுக்கு மேலுள்ள சாளரமும், லண்டனின் சதக் பேராலயத்தில் இரண்டாம் எலிசபெத் அரசியின் வைர விழாச் சாளரமும் அவர் கைவண்ணமே. நாட்டுக் கவிஞருக்கு நாட்டுக் கலைஞர் என்ற வாதத்தில் எனக்கு ஈடுபாடு இல்லை. பர்ன்ஸைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவருக்குக் கட்டம் போட்ட துணியும் முட்செடிப் பூவும் தாமாக வந்து கைகூடிவிடும். வெளியிலிருந்து வந்தவர் பாடல்களிலிருந்து தொடங்கினார்.

மார்ச் 6

கிளைச் செய்தி, ஆனால் பொருளுக்கு உட்பட்டதே. 1637 ஜூலை 23 அன்று, மன்னர் முதலாம் சார்ல்ஸ் திணித்த ஜெபப் புத்தகத்தை இந்த ஆலயத்தில் வாசிக்கத் தொடங்கியபோது, ஜென்னி கெடிஸ் என்ற சந்தைக்காரப் பெண் தன் முக்காலியை எடுத்து வாசித்தவர்மீது வீசினாள் என்பது மரபுக் கதை. பர்ன்ஸ் தம் குதிரைக்கு வைத்த பெயர் ஜென்னி கெடிஸ். அந்தக் குதிரைமேல்தான் 1787-இல் எல்லைப்புறப் பகுதிகளைச் சுற்றி வந்தார். செயிண்ட் ஜைல்ஸின் கலக நினைவை இவ்வளவு செல்லமாகத் தம்முடன் வைத்துக்கொண்டிருந்தவரை இந்த ஆலயத்துக்கு அந்நியர் என்று எப்படிச் சொல்வது? ஆலயத்துக்குள் இன்று வெண்கலத்தில் ஒரு முக்காலிச் சிற்பமும் இருக்கிறது. அடுத்த முறை தேடிப் பாருங்கள்.

மார்ச் 15

கேள்வியைத் தொடங்கியவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார்: "வரலாற்றுத் தொடர்பை ஏற்கிறேன். ஆனால் விவரம் தெரியாமல் உள்ளே வருபவர் அதைப் பர்ன்ஸ் என்று அறிய வழியில்லை. தன்னை விளக்கிக்கொள்ளாத நினைவுச் சின்னம் முழுமையானதா?"

இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பெயர் தெரியாமல் பார்ப்பவருக்கு அது நிறங்களின் கோலம் மட்டுமே. ஆனால் பாலன்டைன் சாளரங்களின் அடியில் பெயர் பொறிக்கப்பட்டுள்ள செல்வந்தர்களை அந்தப் பெயரைப் படித்த பிறகும் யாரும் அறிவதில்லை. நினைவுச் சின்னம் அறிமுகம் செய்துவைக்கும் கருவியாக இருக்க வேண்டியதில்லை. அறிந்தவர்கள் வந்து நிற்க ஓரிடம் இருந்தால் போதும்.

இதில் பர்ன்ஸின் நடத்தையே எனக்கு வழிகாட்டி. செயிண்ட் ஜைல்ஸிலிருந்து கிழக்கே சாய்வான தெருவில் இறங்கினால் கேனன்கேட் சேகர ஆலயம் வரும். அதன் கல்லறைத் தோட்டத்தில், 1774-இல் 24 வயதில் மனநல விடுதியில் இறந்த கவிஞர் ராபர்ட் ஃபெர்குசன் அடையாளக் கல் கூட இல்லாமல் புதைக்கப்பட்டிருந்தார். பர்ன்ஸ் அவரைக் கண்டதே இல்லை. ஸ்காட்ஸ் மொழியில் எழுதலாம் என்ற துணிவை அவரிடமிருந்து பெற்றவர், அவ்வளவுதான். எடின்பரோவுக்கு வந்த சில மாதங்களிலேயே, 1787 பிப்ரவரியில், கல் நாட்ட அனுமதி கேட்டு அந்த ஆலய நிர்வாகிகளுக்கு எழுதினார், அனுமதியும் கிடைத்தது. கல்லைச் செய்த ராபர்ட் பர்ன் என்ற கட்டடக் கலைஞர் இரண்டு ஆண்டு தாமதித்தார். கணக்கு வந்த பிறகு கவிஞர் இரண்டு ஆண்டு தாமதித்தார். 1792-இல் 5 பவுண்டு 10 ஷில்லிங் செலுத்தும்போது இருவருக்கும் சரியாகிவிட்டது என்று தம் நண்பருக்கு எழுதினார். அந்தக் கல்லில் ஃபெர்குசனின் உருவம் இல்லை. பெயரும் ஆண்டும், செதுக்கிய பளிங்கும் ஆடம்பரப் பாட்டும் இங்கே இல்லை என்று தொடங்கும் நான்கு வரிகளும் உள்ளன.

நீங்கள் மறுபடியும் வருவதானால் முதலில் கேனன்கேட்டுக்குப் போங்கள். கல்லறைத் தோட்டம் பகலில் திறந்திருக்கும். பிறகு மேடேறி, மூன்று மணிக்குள் செயிண்ட் ஜைல்ஸின் நடுக்கூடத்தில் திருவிருந்து மேசைக்கு அருகே மேற்கு நோக்கி உட்காருங்கள். வாசலருகே நின்று அண்ணாந்தால் உச்சி சரியாகத் தெரியாது.